பிரீசருக்குள் ஒரு துவக்குக் குழல்

“ஹலோ... ஓம், நான்தான்... சொல்லுங்கோ அண்ணா... இல்லை, வேலை இல்லை, இண்டைக்குச் சனிக்கிழமையெல்லே... ஓம், ஓம், கேக்குது.”

பாலேஸ்வரி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹெயர் டிரையரை நிறுத்தினாள். மல்வேர்ன் அப்பாட்மென்றின் குசினி மேசையில், மடித்துப் போட்ட துவாயின் மேல் துவக்கின் ரிசீவர் கிடந்தது. துப்பாக்கியில் குழல் வந்து பொருந்துகிற அலுமினிய உடல் அது. இப்போதுதான் இளஞ்சூடு ஏறியிருந்தது. போன சனிக்கிழமை தடைப்பட்ட வேலைதான்; அதற்குள் போகவேண்டிய குழல் இன்றும் காலையிலிருந்து பிரீசரில் குளிர்ந்துகொண்டிருந்தது.

துவக்கோடு வந்த குழலை மாற்றிவிட்டு, குறி இன்னும் திருத்தமாக விழவேண்டும் என்று வேறு கம்பனியிடம் வாங்கிய குழல். அதன் பின்முனை துவாரத்தைவிட மயிரிழை பெருத்திருந்தது. சுத்தியலால் தட்டினால் அலுமினியம் பாழாகிவிடும். ஏழு வருடமாக ஸ்காபரோ தொழிற்சாலை ஒன்றில் கடைசல் மெசினில் நிற்கிறவளுக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒன்றைக் குளிரவைத்து ஒடுக்கி, மற்றதைச் சூடாக்கி விரித்து, ஒரு நிமிடத்துக்குள் இரண்டையும் சேர்த்துவிடவேண்டும்.

“அவை என்னவாம்?... ம்... ம்... எனக்குத் தெரியும் அண்ணா. அண்டைக்கே தேத்தண்ணியை அரைவாசியிலை வைச்சிட்டு எழும்பினவை... நான் ஒண்டும் காட்டேல்லை. அந்த மனுசி ஐஸ் எடுக்கிறனெண்டு தானாப் போய்த் திறந்தவ... ஓம், மீன் பார்சலுக்குப் பக்கத்திலைதான்... என்னெண்டு கேட்டா. துவக்குக் குழல் எண்டன். வேறை என்னத்தைச் சொல்லுறது?”

போன சனிக்கிழமை அண்ணன் அன்புராசா யூனியன்விலிலிருந்து ஸ்ரீதரனையும் தாயையும் கூட்டிவந்திருந்தார். பாலேஸ்வரி பார்த்த நாலாவது மாப்பிள்ளை. முதல் மூன்று பேரும் சம்பளத்தைக் கேட்டார்கள். இவர், நாள் முழுக்க நிற்கிற வேலையில் கால் நோவதில்லையா என்று கேட்டார். அவளுக்குப் பிடித்திருந்தது. தாய் பிரீசரைத் திறந்து கத்தியபோது அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எழும்பினார்.

“இப்பவோ?... நான் எடுத்துச் சொல்லவோ?... என்னெண்டு? தண்ணிக் குழாயெண்டோ?... அண்ணா, நான் என்ரை வாயாலை சொன்னதை நானே பொய்யெண்டு சொல்லவோ?... களவாயில்லை. பொலிஸ் தந்த லைசென்ஸ் இருக்கு. மற்ற நேரமெல்லாம் பூட்டித்தான் வைச்சிருக்கிறன்... சின்னத் தோட்டா அண்ணா, ரிம்ஃபயர். கிளப்பிலை கடதாசிக்குத்தான் சுடுறது... ஓம், பொம்பிளையளும் சுடுகினம். நாளைக்குப் போட்டி... சிரிக்காதேங்கோ... சிரிக்காதேங்கோ எண்டுறன்.”

மறுமுனையில் போன் கை மாறியது. பிறகு குரலை மாற்றினாள்.

“ஆ, அண்ணியே... ஓம் அண்ணி, சுகம்... சாப்பிட்டிட்டன்... ஓம், அவர் நல்லவர்தான்... ஓம் அண்ணி, முப்பத்தாறு... எனக்குத் தெரியும் அண்ணி, என்ரை வயசு... அண்ணாட்டைக் குடுங்கோ.”

ரிசீவரைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. டிரையரைத் திரும்பப் போடக் கை நீட்டினாள். கை அந்தரத்தில் நின்றது.

“என்ன சொன்னனீங்கள்?... இன்னொருக்காச் சொல்லுங்கோ... தம்பியைக் கொண்ட சாமானோ?... கஜீவன்ரை உயிரெடுத்த சாமானை வீட்டுக்குள்ளை வைச்சுத் தடவுறனோ?”

குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ அங்கை இருந்தனியே?”

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அண்ணனை அவள் நீ என்றாள்.

“இல்லை, நீ கேள். இவ்வளவு நேரமும் நான் கேட்டனான்தானே... எண்பத்தேழிலை நீ இஞ்சை ஸ்னோவுக்குள்ளை நிண்டு படம் எடுத்து அனுப்பினனி. ஆமி சுட்ட பிள்ளையைச் சைக்கிள் பாரிலை சாத்தி, நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு உருட்டினது நான்... அரைவழியிலை தண்ணி கேட்டவன். நிண்டா இன்னும் சுடுவாங்களெண்டு நான் நிக்கேல்லை. குடுக்கேல்லை... நீ அழாதை. இப்ப அழாதை.”

டிரையரைப் போட்டாள். அதன் இரைச்சலுக்கு மேலால் பேசினாள்.

“இஞ்சை வந்தும் ஆரும் பட்டாசு கொளுத்தினா கட்டிலுக்குக் கீழை பூந்தனான். உனக்கு அது தெரியாது. வேலையிலை லிண்டா எண்டொருத்திதான் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவள். முதல் நாள் ஒரு தோட்டாவும் கடதாசியிலை படேல்லை... பிறகு ஒண்டு விளங்கினது அண்ணா. அந்தச் சத்தத்தை நான்தான் செய்யிறன். நான் நிப்பாட்டினா அது நிக்குது... உனக்கு விளங்காட்டில் விடு.”

சுருள் வயர் இழுபட, பிரீசரைத் திறந்தாள். துணியால் குழலைப் பிடித்து எடுத்து, பூத்திருந்த பனியைத் துடைத்தாள். பின்முனையைத் துவாரத்தில் நேராக வைத்து உள்ளங்கையால் தள்ளினாள். அரைவாசிக்குப் போய் இறுகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் சரியவிடாமல் இன்னொரு தள்ளு. டொக் என்று போய் உட்கார்ந்தது.

இரண்டு கிழமையாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த சத்தம் அது. ஆனால் அதே நேரம் காதுக்குள் விழுந்தது வேறு.

“ஆருக்குச் சொன்னனி?... ஸ்ரீதரன்ரை தாய்க்கோ?... தங்கச்சிக்குச் சண்டைக்குப் பிறகு தலை கொஞ்சம் பிழையெண்டு... நீயா சொன்னனி? அவ கேக்கேல்லை, நீயாச் சொன்னனி... எனக்காகவோ? நோயெண்டா பாவம் பாப்பினமோ? அண்ணா, பிரீசருக்குள்ளை துவக்கு வைச்சவளெண்டா நாலு சனம் சிரிச்சிட்டு மறந்துபோகும். விசரியெண்டா ஆர் மறக்கிறது?... ஸ்ரீதரன் என்ன சொன்னவர்?... ஒண்டும் சொல்லேல்லையோ... ஓம். ஒண்டும் சொல்லமாட்டார்.”

குழல் பூட்டிய துவக்கைத் துவாயால் மூடினாள். சந்தோசப்பட வேண்டிய இடத்தில் வெறும் களைப்புத்தான் இருந்தது.

“இனி என்ன?... துர்க்கான்ரை சாமத்தியவீட்டுக்கோ?... உன்ரை மகள் பெரியபிள்ளையான கொண்டாட்டத்துக்கு என்னை வரவேண்டாமெண்டு சொல்லுறியோ?... ஸ்ரீதரன் ஆக்களும் வருவினம், சனம் கதைக்கும்... விளங்குது. அவளுக்குச் சீலை நான்தான் எடுத்து வைச்சிருக்கிறன்... ஆரிட்டையும் குடுத்துவிடவோ... சரி... சரியெண்டுறன்தானே. வரேல்லை.”

போனை வைக்கப் போனவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

“ஆரது?... ஆர் அழுறது?... துர்க்காவே? மேல் ரூம் போனிலையோ நிக்கிறாய்? எப்ப துவக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறாய் பிள்ளை?... ஐயோ... இல்லை, மாமி கோவமில்லை... என்ன?... யெஸ், இட்ஸ் ட்ரூ. உனக்கு ஒரு சித்தப்பா இருந்தவர். கஜீவன். இருபத்தொரு வயசு... அப்பா என்னெண்டு சொன்னவர்?... காய்ச்சலிலையோ?... அண்ணா, காய்ச்சலெண்டோ சொல்லி வைச்சிருக்கிறாய்?... துர்க்கா, நீ கேள், மாமி சொல்லுறன். மாமிக்கு விசர் இல்லையடா. அவர் நல்லாப் பாடுவார், உன்னைப்போலை இடக்கைக்காரன்... அண்ணா, கத்தாதை. அவள் கேக்கிறாளெல்லே, கேக்கட்டும்... பிள்ளையைப் பேசாதை. என்னைப் பேசு... துர்க்கா, போனை வைக்காதை அம்மா... துர்க்கா?... ஹலோ?... ஹலோ?”

லைன் அறுந்துவிட்டது.

பாலேஸ்வரி யூனியன்விலில் அண்ணன் வீட்டு இலக்கத்தைத் திரும்ப அழுத்தினாள். எங்கேஜ். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினாள். அங்கே யாரோ போனைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று நாலாவது தடவையில் அவளுக்கு விளங்கியது. ஆனாலும் இன்னும் இரண்டு தடவை அழுத்தினாள்.