கபாலி மாடியில் ஆடிய விளக்கு

உங்கள் ஸ்டேஷனில் காபி நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். சண்டைக் காலத்தில் இவ்வளவு கெட்டியாகக் காபி போட ஒரு மனசு வேண்டும்.

நான் வேம்பு. மயிலாப்பூரில் வீட்டுக் கடன் தரகு என் தொழில். வீட்டை ஈடாக வைத்துக் கடன் கேட்பவரையும், பெட்டியில் பணத்தைத் தூங்க வைத்திருப்பவரையும் சேர்த்து வைப்பேன். நீங்கள் விசாரிக்கிற கபாலிக்கும் இதே தொழில்தான். ஆனால் அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வட்டி அதிகம் என்றால், கடன் வாங்க வந்தவரிடமே அதைச் சொல்லிவிடுவான். அப்புறம் மற்றவர்கள் எப்படிப் பிழைப்பது?

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிய சமயம். தியாகராய நகரில் வீடுகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. சாந்தோம் பக்கத்து வாத்தியார் ராஜநாயகம் ஒன்றை வாங்க ஆசைப்பட்டார். கையிருப்பு போதவில்லை. லஸ் முனையில் என்னை நிறுத்தி, "கடன் பிடிச்சுக் குடுக்கிற தரகர் கபாலின்னு ஒருத்தர் இருக்காராமே, வீடு எங்கேங்க?" என்று கேட்டார்.

போட்டித் தரகன் என்னிடமே, சார்.

அடையாற்றில் அதே பெயரில் ஒரு பால்காரன் உண்டு. அங்கே அனுப்பினேன். விளையாட்டுத்தான். வாத்தியார் வெயிலில் போய் எருமைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மறுபடி என்னிடமே விசாரித்தார். "ஐயோ, அவன் குடும்பத்தோட ஆரணிக்கு ஓடிட்டானே" என்றேன். அந்தப் பொய் மறுநாள்கூடத் தாங்கவில்லை. கபாலியே கடைத்தெருவில் என்னைப் பிடித்தான்.

"இன்னா சாமி, நான் ஆரணிக்குப் பூட்டேனாமே? இங்கதானே கீறேன். வாத்தியாரை நாளைக்கு வூட்டுக்கு வரச் சொல்லிக்கீறேன். நீயும் வா, சேர்ந்தே முடிப்போம்" என்று முதுகில் தட்டிச் சிரித்தான்.

திட்டியிருந்தால் விட்டிருப்பேன். சிரித்தானே, அதுதான் உறுத்தியது.

கபாலி மாடியில் புறா வளர்த்தான். பூனைக்குப் பயந்து, பொழுது சாய்ந்ததும் லாந்தரோடு கூண்டைப் பார்க்கப் போவான். ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று இருட்டடிப்பு உத்தரவு அமலில் இருந்தது. தெருத்தெருவாக வெளிச்சம் பார்த்துச் சுற்றுகிற ஏ.ஆர்.பி. வார்டனிடம் அன்றைக்கே நான் ஒரு வார்த்தைதான் கேட்டேன்: "அந்த மாடியில வெளிச்சம் ஆடறதே, ஜப்பான் கப்பலுக்கு ஏதாவது ஜாடையோ?" கேள்விதான், சார். செய்தி கொண்டுபோகும் புறா என்று எழுதிக்கொண்டது உங்கள் இலாகா. அதில் எனக்குப் பங்கில்லை.

மறுநாள் வாத்தியார் வந்தபோது கபாலி வீட்டில் போலீஸ் இருந்தது. தெருமுனையில் நான் இருந்தேன். கடனை முடித்துக் கொடுத்தேன். வட்டி கொஞ்சம் கூடுதல், ஆனால் காற்றோட்டமான வீடு. அவர்தான் என் இரண்டு பொய்களையும் கோத்துப் பார்த்து உங்களிடம் வந்திருக்கிறார். படித்தவர், சந்தேகம் சகஜம்.

கபாலி வேலூர் ஜெயிலுக்குப் போன பிறகு அவன் சம்சாரம் முத்துலட்சுமி என்னைத் தேடி வந்தது. "வக்கீலுக்குக் குடுக்கத் துட்டு இல்ல சாமி. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. வூட்டை வச்சிக் கடன் வாங்கிக் குடு" என்று அழுதது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே ஆள் பிடித்துக் கொடுத்தேன். வாத்தியாருக்குப் போட்ட அதே வட்டிதான்.

ஆமாம் சார், கபாலியை உள்ளே அனுப்பியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அம்மாவிடம் தரகில் பாதிதான் வாங்கினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கஷ்டத்தில் இருக்கிற குடும்பத்துக்கு வேறு எந்தத் தரகன் இதைச் செய்வான்?