ஒயருக்கு வில்லன் வேஷம் பொருந்தாதாம்

இந்த வெற்றி விழாவுக்குத் தலைமை தாங்கி, நடு நாற்காலியில் நிறைந்து வீற்றிருக்கும் தியேட்டர் முதலாளி ஐயா அவர்களே! எங்கள் வீட்டுக் கதையைப் படமாக எடுத்துப் பேரையும் புகழையும் ஒருசேர அள்ளிய இயக்குநர் தம்பி அவர்களே! என் வீட்டுக்காரராக நடித்த கதாநாயகர் அவர்களே! என்னைவிட அழகாக எனக்காக அழுத கதாநாயகித் தங்கை அவர்களே! முன்வரிசையில் மூட்டுவலியோடு முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையோடு இடம் கிடைக்காமல் நிற்கும் தாய்மார்களே! விரலை வாயில் வைத்தபடி விசிலுக்குக் காத்திருக்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் பணிவான என் வணக்கம்.

எப்படி? அடுக்குமொழி சரியாக விழுந்ததா?

வியக்க வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் இந்த மண்டபத்தில் நாற்காலி போடும் வேலை என்னுடையது. இங்கே எத்தனையோ பேச்சாளர்கள் முழங்கியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கடைசிவரை கேட்ட ஒரே ஆள் நான்தான். நீங்கள் எல்லோரும் பாதியில் எழுந்து போகலாம். நாற்காலியை அடுக்காமல் நான் போக முடியாதே! இன்று காலையிலும் எல்லோருக்கும் நாற்காலி போட்டேன். மேடையில் எனக்கு ஒன்று போட மறந்துவிட்டேன். அதனால்தான் கூப்பிடும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரியாதைக்காக நின்றேன் என்று யாராவது நினைத்திருந்தால், அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டுகிறேன். ஆனால் நான் வந்த காரியம் வேறு. அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பஞ்சர் அண்ணனை, இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் தலைவர் ஐயாதான். அந்த வரிசைக் கடைகள் எல்லாம் ஐயாவுடையவை. காரணம் இந்தப் படம். அண்ணன் காலி செய்யக் கூடாது. அவ்வளவுதான் என் பேச்சு. இத்தோடு நான் இறங்கிவிடலாம். ஆனால் மைக் கையில் கிடைத்த பிறகு உடனே இறங்கியவர் யாராவது உண்டா?

கதை தெரியாமல் கைதட்ட வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் துணிக் கிடங்கில் மூட்டை ஏற்றியவர். ஒரு மத்தியானம் கிடங்கு பற்றி எரிந்தது. நீலச் சட்டைக்காரன் ஒருவன் பின்பக்கமாக ஓடினான் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். ஐயா, அங்கே வேலை செய்த அத்தனை பேருக்கும் கம்பெனி கொடுத்ததே நீலச் சட்டைதான்! தீப்பிடித்த இடத்திலிருந்து ஓடாமல், உட்கார்ந்து குளிர் காய்வார்களா? ஆனால் முந்தின நாள் மேஸ்திரியோடு வாய்ச்சண்டை போட்டவர் என் வீட்டுக்காரர். போதாதா? பிடித்தார்கள். அடைத்தார்கள். தண்டித்தார்கள். பல வருஷம் கழித்து மேல்கோர்ட்டில்தான் விளங்கியது. தீயை வைத்தது அவர் இல்லை. தீயை வைத்தது யாருமே இல்லை. கூரைக்குள் போன பழைய ஒயர் உருகிப் பற்றியிருக்கிறது.

ஒயர்! என் விரல் பருமன்கூட இல்லாத ஒயர் என் குடும்பத்தை எரித்தது!

இதில் என் கோமாளித்தனத்தையும் கேளுங்கள். கோர்ட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா சொல்லிக் கொடுத்தது. நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டுவார் என்று காத்திருந்தேன். சுத்தியலையே காணவில்லை. வக்கீல் கர்ஜிப்பார் என்று பார்த்தேன். எங்கள் வக்கீலுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று முடிப்பதற்குள் இரண்டு தும்மல். சரி, நாமாவது ஏதாவது செய்வோம் என்று, தண்டனை சொல்லும் நேரத்தில் படத்தில் வருவது போலத் தலைமுடியை அவிழ்த்துவிட்டு எழுந்தேன். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். நிறுத்தினார்கள். என்னைத்தான். வெளியே கொண்டுபோய், வராந்தாவில், செருப்பு விடுகிற இடத்தில் நிறுத்தினார்கள். அவருக்குத் தண்டனை என்று ஒரு காவலர் வந்து சொல்லித்தான் தெரியும்.

(சிரியுங்கள், சிரியுங்கள். சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். அன்று சிரிக்க ஆளில்லை.)

மேல்கோர்ட்டில் விடுதலை கிடைத்த அன்று நான் பயந்துபோய் எழுந்திருக்கவே இல்லை. எல்லோரும் காகிதத்தைப் புரட்டினார்கள். நான் வக்கீலைச் சுரண்டினேன்.

"என்ன சார் ஆச்சு?"

"முடிஞ்சுதும்மா. விட்டாச்சு."

"அவ்வளவுதானா சார்?"

"வேற என்ன வேணும்? நகருங்க, அடுத்த கேஸ்காரங்க உக்காரணும்."

கைதட்டல் இல்லை. பாட்டு இல்லை. உட்கார்ந்திருந்த பெஞ்சுகூட எங்களுக்கு இல்லை.

போகட்டும், ஜெயில் வாசலிலாவது ஒரு காட்சி இருக்கும் என்று நம்பினேன். எந்தப் படத்தில்தான் இல்லை? பெரிய கதவு திறக்கும். புழுதி பறக்கும். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருவார். இவள் ஓடுவாள். நான் வீட்டுக்குள் ஓடிப் பழகியே பார்த்தேன். சேலை தடுக்கி, அரிசிப் பானையில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். அன்று காலையிலிருந்து பெரிய கதவுக்கு எதிரே வெயிலில் நின்றேன். கையில் புதுச் சட்டை. வெள்ளைச் சட்டை. நீலம் என்றால் எனக்கு வானம்கூடப் பிடிக்காமல் போயிருந்த காலம்.

கதவு திறந்தது. லாரி வந்தது. கதவு திறந்தது. தண்ணீர் வண்டி போனது. சாயங்காலம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கினார் எங்கள் தெருப் பஞ்சர் அண்ணன். ஒரு கால் சூம்பிப் போனவர், அந்த ஜெயில் மேட்டை எப்படித்தான் மிதித்து ஏறினாரோ!

"தங்கச்சி, இங்க யாருக்காக நிக்கிற?"

"என்னண்ணே கேக்குறீங்க, அவருக்காகத்தான்."

"அவரு வந்து எவ்வளவு நேரமாச்சு! என் கடையில உக்காந்து ரெண்டாவது டீ குடிக்கிறாரு. வீடு பூட்டிக் கிடக்குன்னு கோவம் வேற."

விடுதலையானவர்களைப் பின்பக்கத்துச் சின்ன வாசல் வழியாகத்தான் விடுவார்களாம். எந்தப் படத்திலும் அதை எனக்குக் காட்டவில்லையே! அண்ணன் என்னைக் கேரியரில் உட்கார வைத்து மிதித்தார். கடை வாசலில் வந்து இறங்கினேன். இத்தனை வருஷப் பிரிவு. இத்தனை வருஷக் கண்ணீர். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். உதடு துடித்தது. சொன்னார்:

"சாவி எங்கடி?"

இதுதான் எங்கள் உச்சக்காட்சி. இந்தப் படத்தில் என்ன காட்டியிருக்கிறார்கள்? மழை. வயலின். கதாநாயகித் தங்கை ஓடி வருகிறார். அவர் கண்ணிலிருந்து ஒரே ஒரு துளி, அழகாக, கன்னத்தின் நடுவில் இறங்குகிறது. தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. நான் அழுதால் முதலில் மூக்குதான் அழும். ஆனாலும் அந்தக் காட்சியில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கு நடக்காதது அங்கேயாவது நடந்ததே!

வெளியே வந்தவர் நிம்மதியாக இருந்தாரா? நான் அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்த் தெருவில் நிற்பார்.

"உள்ள வாங்களேன், மழை தூறுது."

"இல்ல, நீ பத்தவை. நான் இங்க நிக்கிறதை நாலு பேர் பாக்கட்டும்."

தெருவில் யாராவது பீடிக்குத் தீக்குச்சி உரசினால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவார். ஏன்? கோர்ட் விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், வேலை கேட்டுப் போன இடத்தில், ஒரே கேள்வி: "அப்ப யார்தான் வெச்சாங்க?" ஒயர் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆள் பெயர் கேட்பார்கள். அடுத்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்தார். அவரைக் கிடத்தியிருக்கிறேன். துக்கத்துக்கு வந்த ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்துக் காதருகில் வந்து கேட்டார்: "ஏன்டிம்மா, அப்ப யார்தான் வெச்சது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணத்தின் பக்கத்தில் சிரித்த பெண்டாட்டி என்று அந்தப் பெயரும் எனக்கு உண்டு.

அதற்குப் பிறகுதான் இயக்குநர் தம்பி எங்கள் வீடு தேடி வந்தார். நல்ல பிள்ளை. நான் சொல்லச் சொல்லக் கேட்டு அழுதார். கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்மா, எல்லாம் சரி. வில்லன்தான் இல்லை."

"ஒயர்தான் தம்பி வில்லன்."

"ஒயரை ஹீரோ எப்படிம்மா அடிப்பாரு? ஜனங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா. நிஜமா வெச்சவனைப் பிடிச்சாத்தான் இவரு நல்லவர்னு நம்புவாங்க."

எனக்கும் நியாயமாகப்பட்டது. ஒயருக்கு வேஷம் பொருந்தாது, சம்பளமும் வாங்காது, சரி என்றேன். படம் பிடிக்க எங்கள் தெருவுக்கே வந்தார்கள். அங்கே வில்லனாக நடிக்க வந்தவர் பஞ்சர் அண்ணனைப் பார்த்தார். அந்த இழுத்த நடையைப் பார்த்தார். வேலை முடிந்ததும் சிவப்புத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைக்கிற பழக்கத்தைப் பார்த்தார். பிடித்துப் போய்விட்டது. அப்படியே எடுத்துக்கொண்டார். நல்ல நடிகர், குறை சொல்ல மாட்டேன்.

முதல் காட்சிக்கு எங்கள் தெருவுக்கே டிக்கெட் கொடுத்தார்கள். நானும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்து சீட். திரையில் ஒருவன் காலை இழுத்து வருகிறான். சிவப்புத் துணியில் விரலைத் துடைக்கிறான். தீக்குச்சியை உரசுகிறான். அண்ணன் என் தோளைத் தட்டுகிறார், முகமெல்லாம் பெருமை.

"தங்கச்சி, பாத்தியா! என்னை மாதிரியே கைய தொடைக்கிறான்!"

கதாநாயகர் அவனைப் போட்டு அடித்தபோது, கூட்டத்திலேயே உரக்கக் கத்தியது யார் தெரியுமா? இதோ நிற்கிறேனே, நான்தான்! "விடாதீங்க! இன்னும் ரெண்டு வைங்க!" என்று சீட்டின் மேல் ஏறி நின்றேன். அண்ணனும் கைதட்டினார். அவரை அடிப்பதற்கு அவரே கைதட்டினார்! விளக்கு போட்டார்கள். எல்லோரும் திரும்பினார்கள். யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனுடைய காலைப் பார்த்தார்கள்.

மறுநாள் கடை வாசலில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. அதற்கடுத்த நாள் ஒரு குவியல். காற்றடிக்க வந்தவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனார்கள். "உண்மைக் கதைன்னு ஆரம்பத்துலயே போட்டானே" என்றார்கள். தலைவர் ஐயாவும் ஆள் அனுப்பினார்: "வரிசைக் கடைக்குப் பேர் கெடுது, வேற இடம் பாத்துக்க."

தாய்மார்களே! பெரியோர்களே! இப்போது நான் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் கை சுத்தம் என்று நீங்கள் நம்ப, இன்னொருவர் கையில் கரி பூச வேண்டுமா? ஒருவர் விலங்கைக் கழற்ற, இன்னொருவர் கையை நீட்ட வேண்டுமா? திரையில் ஒரு நிரபராதிக்காகக் கண்ணீர் விட்டீர்கள். தியேட்டரை விட்டு வெளியே வந்து, வழியிலேயே ஒரு நிரபராதிக்குத் தண்டனை கொடுத்தீர்களே! அன்று நீலச் சட்டை. இன்று சிவப்புத் துணி. அன்று ஓடியவர் குற்றவாளி. இன்று ஓடவே முடியாதவர் குற்றவாளி! நிறம் மாறியது, நாம் மாறினோமா? எனக்காக ஜெயில் மேட்டை மிதித்து ஏறியவரை, எனக்கு அநியாயம் செய்தவராக நினைக்கிறீர்களே, நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பேன்?

இயக்குநர் தம்பி, கொஞ்சம் எழுந்திருங்கள். அந்த வில்லன் யார்? ... கற்பனை என்கிறார். மைக்கில் சொல்லுங்கள் தம்பி, படத்தை மட்டும் அவ்வளவு சத்தமாக எடுத்தீர்களே. ... கேட்டீர்களா? சுத்தக் கற்பனையாம். படத்தின் ஆரம்பத்திலேயே அதையும் எழுதிப் போடுகிறாராம். நன்றி தம்பி.

தலைவர் ஐயா அவர்களே! ஐயா தலையாட்டுகிறார். தலையாட்டினால் மைக்கில் விழாது ஐயா. நான் சினிமா பார்த்து ஏமாந்தவள், எனக்கு வசனமாக வேண்டும். ... என்ன சொன்னார்? "அவரு கடை அவருக்கேதாம்மா!" கைதட்டுங்கள்! ஐயாவுக்குத் தட்டுங்கள்! ஐயாவுக்கு நாற்காலி நனையும் அளவுக்கு வியர்வை. பரவாயில்லை ஐயா, துடைக்கப் போகிறவள் நான்தான்.

யாரது பின்னால், கை தூக்குவது? என்ன தம்பி கேட்கிறீர்கள்? ... "அப்ப யார்தான்க்கா வெச்சாங்க?"

வாழ்க தம்பி! நீ கேட்பாய் என்று தெரியும். நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரரின் தொண்டை வற்றிப்போனது. அந்தப் பதிலை எங்கள் இருவர் வாயைத் தவிர வேறு வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. இன்று நீங்கள் சொல்லுங்கள். யார் வைத்தார்கள்?

... சத்தம் போதாது. விசிலுக்கு மட்டும்தான் மூச்சு இருக்கிறதா? யார் வைத்தார்கள்?

"யாரும் வைக்கல!"

அம்மா... மைக் செட்டுக்காரத் தம்பி, கொஞ்சம் பொறு. மூக்கைத் துடைத்துக்கொள்கிறேன். சொன்னேனே, எனக்கு மூக்குதான் முதலில் அழும் என்று.

கேட்டீங்களாங்க? ஊரே சொல்லிடுச்சு. இனிமே நான் அடுப்பு பத்தவைக்கும்போது நீங்க உள்ளயே இருக்கலாம்.

நேரமாகிவிட்டது. பஞ்சர் அண்ணனையும் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தேன். இவ்வளவு கூட்டத்தின் கண்ணில் பட வெட்கப்பட்டு, பின்பக்கம் சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே நிற்கிறார். மாலை, கேமரா எல்லாம் பெரிய வாசலில் வைத்திருக்கிறீர்கள், தெரியும். மன்னிக்க வேண்டும். பெரிய வாசலில் காத்துக் காத்து ஒருமுறை ஏமாந்தவள் நான். இந்த முறை சரியான வாசலுக்குப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் என் பின்னால் வாருங்கள், அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாற்காலியை அப்படியே விட்டுவிடுங்கள், நான் வந்து அடுக்கிக்கொள்கிறேன்.

பேச விட்ட தலைவருக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. எனக்காக அழுத தாய்மார்களுக்கும், அண்ணனுக்காகக் குரல் கொடுத்த தம்பிமார்களுக்கும் நன்றி. வருகிறேன், வணக்கம்.