கோழி கொக்கரிக்கும், குதிரை கனைக்கும்

அளவெடுத்துத் துணி வெட்டச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவேன். குறுக்கெழுத்துன்னா எனக்கு அ, ஆ கூடத் தெரியாதுங்க மேடம். நான் வீட்டு முன்னறையில பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவ. என் பொண்ணுதான் ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து போட்டுக் கொடுத்துட்டு இருந்தா. எள்ளுன்னா எண்ணெயா நிக்கிற புத்தி அவளுக்கு. யாரு வளர்த்தது, சொல்லுங்க.

நீங்க கேட்கிறதுக்கு நேராவே வந்துடறேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் எனக்கு அவ, அவளுக்கு நான். அப்படியே போயிருக்கலாம். ஒருநாள் வந்து நின்னு, வேற ஊர்ல பெரிய பத்திரிகையில வேலை கிடைச்சிருக்குன்னா. நான் ரெண்டு வார்த்தை கேட்டேன், அவ நாலு வார்த்தை சொன்னா. "உன்கூட இருந்தா மூச்சு முட்டுதும்மா. நான் போறேன்"னு சொல்லிட்டு ஸ்கூட்டரை எடுத்தா. தெருமுனை தாண்டல, லாரி இடிச்சுடுச்சு. அதுல என் கை எதுவும் இல்ல. அதை நல்லா எழுதிக்கோங்க.

உயிர் தப்பிச்சுது. வலது கையும் காலும் விளங்கல, பேச்சும் போச்சு. புத்தி மட்டும் அப்படியே இருந்துச்சு. நாம சொல்றதெல்லாம் புரியும், திருப்பிச் சொல்ல வார்த்தை வராது. ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சரை அனுப்பினாங்க. நல்ல பொண்ணு, செருப்பை வாசல்லயே விட்டுட்டு வரும்.

அந்த டீச்சர் கண்டுபிடிச்ச வழிதான் குறுக்கெழுத்து. சிறுவர் பக்கத்துக்காக என் பொண்ணு முன்னாடி போட்ட ஒரு புதிர் இருந்துச்சு. எல்லாமே வீட்டு மிருகங்களோட சத்தம். ஒவ்வொரு குறிப்புலயும் ஒரு மிருகம், அதே வார்த்தைக்கு மனுஷங்ககிட்ட இருக்கிற இன்னொரு அர்த்தம். 'குதிரை செய்வது, வீட்டுக்குள் நுழையும் முன் மாமனார் செய்வது', அதுக்கு விடை கனைப்பு. 'முட்டையிட்ட கோழி, ஜெயித்துவிட்ட பங்காளி', கொக்கரிப்பு. 'விடியலில் சேவல், தெருவில் காய்கறிக்காரர்', கூவல். ஆட்டுக்கு 'கோபம் வந்தால் அம்மாவும்'னு போட்டிருந்தா. அதுக்கு விடை கத்தல். என்னைக் கிண்டல் பண்ணாம அவளுக்குச் சோறு இறங்காது.

"நீங்க அந்தச் சத்தத்தைப் போடுங்கம்மா, அவங்க வார்த்தையைச் சொல்லட்டும். அப்புறம் இன்னொரு அர்த்தத்துக்குப் போங்க. சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே பேச்சுக்கு வந்துடலாம்"னு டீச்சர் சொன்னாங்க. அதோட ஒண்ணு சொன்னாங்க. "சரியா சொன்னா உடனே சரின்னு சொல்லிடணும். இந்த மாசங்கள்லதான் வார்த்தை திரும்பி வரும். இப்ப விட்டா அப்புறம் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

எனக்கு அது நல்லாப் புரிஞ்சுது. புரியலன்னு நான் சொல்லல.

முதல்ல ஒழுங்காத்தான் செஞ்சேன். இந்த வயசுல குதிரை மாதிரி கனைச்சேன், அடுத்த வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. "கூ...வல்"னு அவ சொன்ன அன்னிக்குத் தையல் மெஷின் மேல தலையை வெச்சு அழுதேன். சந்தோஷம்தான். பெத்தவளுக்கு இருக்காதா.

அடுத்தடுத்து வார்த்தை வந்துச்சு. தண்ணி கேட்டா, வெளிச்சம் கேட்டா. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் சன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தவ, என் பக்கம் திரும்பி, "போ... றேன்"னா.

படுத்த படுக்கையா இருக்கிறவ, எங்க போவா, யாரு பார்த்துப்பாங்க. லாரி நிறுத்தின இடத்துல இருந்தே பேச்சை மறுபடி எடுக்கறா பாருங்க. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க.

மறுநாள் குதிரைக்கு வந்தோம். "கனைப்பு"ன்னா, தெளிவா. நான், "இல்லடா கண்ணு, தப்பு"ன்னேன்.

அவ சிரிச்சா, நான் விளையாடறேன்னு நினைச்சு. மறுபடி சொன்னா. "தப்பும்மா"ன்னேன். இடது கையால கட்டிலைத் தட்டினா. அவ போட்ட புதிர், அவ எழுதின விடை, அவளுக்குத் தெரியாதா. பேனாவை எடுக்கப் பார்த்தா, நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். கன்னத்தைத் தடவி, "உனக்குத் தலையில அடிபட்டிருக்கு செல்லம். உனக்குச் சரின்னுதான் தோணும்"னேன். குரலை உயர்த்தவே இல்ல. நான் கத்தினேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

தைக்கிறதைவிடப் பிரிக்கிறதுக்குத்தான் பொறுமை வேணும். அவசரப்பட்டா துணி கிழிஞ்சுடும். ஒவ்வொரு இழையா எடுக்கணும். கொக்கரிப்பு தப்புன்னேன். கத்தல் தப்புன்னேன். தண்ணின்னு கேட்டா, நான் சீப்பை எடுத்துக் கொடுத்தேன். முதல்ல கோபப்பட்டா, அப்புறம் அழுதா. அப்புறம் ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடியே என் முகத்தைப் பார்க்க ஆரம்பிச்சா. வாயைத் திறப்பா, என்னைப் பார்ப்பா, மூடிப்பா.

சன்னலுக்கு மீந்த யூனிஃபார்ம் துணியில ரெட்டைத் திரை தைச்சுப் போட்டேன், வெளிச்சம் கண்ணைக் கூசும்னு. அவகூட வேலை பார்த்தவங்க வந்தப்ப, "யாரையும் அடையாளம் தெரியல, பார்த்தா மிரளுறா"ன்னு வாசல்லயே அனுப்பிட்டேன். டீச்சர் வாராவாரம் கேட்பாங்க. "வரலியே டீச்சர், என்ன பாவம் செஞ்சேனோ"ன்னு சொல்லுவேன். பாவம், அவங்கதான் என்னைத் தேத்துவாங்க.

ஒரே ஒரு குறிப்புக்கு மட்டும் சரின்னு சொன்னேன். 'பசு கூப்பிடுவது, நாமும் கூப்பிடுவது.' அதை அவ சொன்னப்பல்லாம் கட்டிப் பிடிச்சு முத்தம் கொடுத்தேன். கடைசியில அது மட்டும்தான் அவ வாயில நின்னுச்சு. தாகம்னாலும் அம்மா, வலின்னாலும் அம்மா. குதிரைப் படத்தைக் காட்டினாலும் அம்மா. வீடு அவ்வளவு நிம்மதியா அதுக்கு முன்னாடி இருந்ததே இல்லீங்க.

முன்னறையில ஒரு பையனுக்கு அளவெடுத்துட்டு இருந்த நேரத்துல டீச்சர் உள்ள போயிட்டாங்க. குதிரைப் படத்தைக் காட்டியிருக்காங்க. நான் பக்கத்துல இல்லாததால அவ மெதுவா, "கனைப்பு"ன்னு சொல்லிட்டா. சொன்ன கையோட தன் வாயைத் தானே பொத்திக்கிட்டு, தலையை ஆட்டி ஆட்டி, "தப்பு, தப்பு"ன்னு அழுதிருக்கா. நான் அளவு நாடாவோட உள்ள போனப்ப டீச்சர் எழுந்து நின்னு என்னையே பார்த்தாங்க. "என்னம்மா செஞ்சு வெச்சிருக்கீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நேரம் உங்களுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கேன்.

ஆமாம், நான்தான் செஞ்சேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். அவளுக்குத் திரும்பி வந்த பேச்சை ஒவ்வொரு வார்த்தையா எடுத்தேன். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.

ஆனா நீங்க அவளை அரசாங்க இல்லத்துல கொண்டுபோய் விட்டது எனக்குச் சம்மதம் இல்ல. அங்க யாரு அவளைப் புரிஞ்சுப்பாங்க. நேத்து அவகிட்ட, அம்மாகிட்டப் போகணுமான்னு கேட்டீங்களாம். வேணாம்னு தெளிவா சொன்னாளாம், ரெண்டு தடவை. என் முகத்தைப் பார்க்காம சொல்லியிருக்கா பாருங்க. நான் பக்கத்துல இருந்திருந்தா, அது தப்பும்மான்னு பொறுமையா எடுத்துச் சொல்லியிருப்பேன்.