ஈயக் குண்டில் பூத்த வெள்ளை

ஹலோ... ஹலோ, ஹார்லன்? நெட்ரா பேசறேன்... ஆமா, ஆஸ்பத்திரியிலேர்ந்துதான். எத்தனை தரம் அடிக்கிறது, எங்க போயிருந்தே?... சரி சரி, விறகு பிளக்கிற சத்தத்துல கேட்டிருக்காது. இப்ப எங்க நிக்கிறே?... கீழ் அறையிலயா? முதல்ல மேல ஏறி வா... கையில என்ன வச்சிருக்கே?... துடைப்பத்தை வை. போடாதே, மெதுவா சுவத்துல சாத்தி வை. தூசி கிளம்பக் கூடாது.

...ஆமா, நம்ம பேத்தி மெய்ஸிதான்... இருக்கா, இருக்கா. மூச்செல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அழவே இல்ல ஹார்லன். ஊசி குத்தினாங்க, அதுக்கும் அழல.

சொல்றேன், குறுக்க பேசாம கேளு. நம்ம கார்லீன் வேலைக்குப் போறப்ப பிள்ளைய விட்டுட்டுப் போனாளா, நான் பிஸ்கட்டுக்கு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். காலடியிலதான் விளையாடிட்டிருந்தா. சட்டுனு திரும்பிப் பாக்கறேன், கை, உதடு, மோவாய் எல்லாம் வெள்ளை. மாவுன்னு நினைச்சேன்... ஆமா. சிரிச்சேன் கூட. உங்கம்மா வந்து பாத்தா என்ன சொல்லுவாடின்னு கேட்டு, துடைச்சு விட்டு, முத்தமும் கொடுத்தேன்... இரு, கேளு. அப்புறம்தான் உறைக்குது, மாவு மேசை மேலல்ல இருக்கு, அவளுக்கு எட்டாதே. பாத்தா கீழ் அறைக் கதவு திறந்து கிடக்கு. படியெல்லாம் குட்டிக் குட்டியா வெள்ளைக் கைத்தடம். தவழ்ந்து ஏறி வந்திருக்கா பாவம்.

கீழ உன் ஓக் பெட்டி கவுந்து, வேட்டைத் துப்பாக்கிக்கு நீ வார்த்த ஈயக் குண்டெல்லாம் வெள்ளை பூத்துச் சிதறிக் கிடந்துது... தரையில ஏன் வச்சே?... அந்த வெள்ளையத் தேய்க்கறதுக்கா. சரி. இப்ப அதப் பேசி என்ன ஆகப் போகுது.

...கழுவினேன். வாய்க்குள்ள ஈரத் துணியால துடைச்சேன், விஷத்துக்கு உதவி சொல்ற நம்பருக்குப் பேசினேன். வாந்தி எடுக்க வைக்காதே, உடனே கூட்டிட்டுப் போன்னாங்க. மலை இறங்கறப்ப வண்டி என்ன வேகத்துல வந்துதுன்னு எனக்கே தெரியாது.

...அதான் சொல்ல வர்றேன். படம் எடுத்தாங்க. வயித்துல உருண்டையா ஒண்ணு தெரியுது... ஆமா, முழுங்கிட்டா... ஹார்லன்? ஹார்லன், உக்காரு. வாசப் படியில உக்காரு. கேக்குதா? இங்க டாக்டரம்மாவுக்கு ஒண்ணு தெரியணும். சுத்த ஈயமா, எதாவது கலந்ததா?... நல்லா யோசிச்சுச் சொல்லு... பழைய தண்ணிக் குழாய உருக்கினது. வேற ஒண்ணும் சேக்கல. சரி. இரு, நர்ஸ்கிட்ட சொல்லிடறேன்... சொல்லிட்டேன். பிள்ளைய உள்ள கொண்டு போயிட்டாங்க. மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியா குழாய் விட்டு எடுப்பாங்களாம். வயித்துல இருக்கிற புளிப்பு அத கரைக்குமாம், அங்கயே விட்டு வைக்கக் கூடாதாம்.

...இல்ல, வாக்குவம் கிளீனர் போடாதே. போட்டா வீடு பூரா பரவும். எல்லாத்தையும் ஈரத் துணியில துடைக்கணும், துடைச்ச துணிய பையில போட்டுக் கட்டணும்... குண்டையெல்லாம் திரும்ப உருக்கறதா? வேண்டாம். அடுப்பு பக்கமே போகாதே. நனைஞ்ச குண்ட உருக்கற கொப்பறையில போட்டா ஈயம் தெறிக்கும்னு எனக்குச் சொன்னதே நீதானே.

...ஆமா, உங்க துப்பாக்கிச் சங்கத்துல சொன்னாங்கதான். ஓக் மரத்துலேர்ந்து வர்ற ஆவியே ஈயத்தத் தின்னு வெள்ளைப் பொடியாக்கும், மெழுகு தடவி இறுக்கி மூடற டப்பாவுல வைன்னாங்க. நீதான் உன் கையால செஞ்ச பெட்டின்னு... விடு. உன்னைக் குத்திக் காட்ட வரல. எனக்குப் பேசிட்டே இருக்கணும் போல இருக்கு, அவ்வளவுதான். இந்த நடையில தனியா உக்காந்திருக்க முடியல.

இன்னொண்ணு. டாக்டரம்மா கேட்டாங்க, வீட்ல வேற யாருக்காவது வயித்து வலி, தலை வலி, சும்மா சும்மா எரிஞ்சு விழறது இருக்கான்னு... உடனே உன்னைத்தான் நினைச்சேன். மான் வேட்டை வருதுன்னு கோடையிலேர்ந்தே கீழ் அறையிலதானே இருந்தே. கம்பி பிரஷால தேச்சு, வாயால ஊதி... ஊதினே ஹார்லன், நான் பாத்தேன். வயசாகுதுன்னே. சாப்பாடு இறங்கலன்னே... வர்றியா? வா. உனக்கும் ரத்தம் பாக்கணும், எனக்கும்தான். ஆனா குளிச்சிட்டு, தலைய நல்லா அலசிட்டு வா. அந்தத் துணியோட வண்டியில ஏறாதே, பூட்ஸ வெளியவே விடு.

இரு... இரு, கதவு திறக்குது. வச்சிடாதே.

...

எடுத்துட்டாங்க. ஹார்லன், எடுத்துட்டாங்க. தட்டுல காட்டறாங்க. குண்டேதான், வெள்ளையெல்லாம் போய் கறுப்பா இருக்கு... முழிச்சிட்டிருக்காளாம். அழறாளாம். ஆமா, அழறா, எனக்கே கேக்குது.

...என்னங்க டாக்டர்?... ம்... ம்... ஆமா, வாரத்துல பாதி நாள் எங்ககிட்டதான் இருப்பா... ஆமா.

...ஹார்லன்... இல்ல, உசுருக்கு ஒண்ணும் இல்ல. ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு, நிறையவே இருக்கு. மருந்து கொடுத்து இறக்கிடலாம்ங்கறாங்க. கொஞ்ச நாள் இங்கயே இருக்கணும்... அது இல்ல. முழங்காலையும் படம் எடுத்திருக்காங்க. எலும்புல கோடு விழுந்திருக்காம். அது இன்னிக்கு ஒரு நாள்ல விழற கோடு இல்லையாம். மாசக்கணக்கா ஈயம் உள்ள போயிருக்காம்.

...பெட்டிய இதுக்கு முன்னாடி அவ தொட்டதே இல்ல. எனக்கும் தெரியும்... எப்படின்னு கேக்கறியா? சாயங்காலம் கீழேருந்து ஏறி வந்து, அதே சட்டையோட அவளத் தூக்கி மடியில வச்சுக்குவியே. அவ அந்தக் காலரச் சப்பிட்டே தூங்கிடுவாளே.

...ஹார்லன்... தெரியாமத்தானே செஞ்சே. எனக்கு மட்டும் தெரிஞ்சிதா? நானும்தானே அந்தச் சட்டையெல்லாம் உதறித் துவைச்சேன்... அழாதே. நீ அழுதா நான் இங்க நிக்க முடியாது.

...கார்லீன் வந்துட்டா. ஓடி வர்றா, வேலைத் துணியக் கூட மாத்தல... இல்ல, குண்ட முழுங்கினது மட்டும்தான் சொல்லியிருக்கேன். இத இன்னும் சொல்லல... மாட்டேன், ஹார்லன். என்னால முடியாது. உன் மக, நீயே சொல்லு... கத்தட்டும். கத்தினா கேட்டுக்கோ.

வா கண்ணு, நல்லாருக்கா, முழிச்சிட்டா. உள்ள விடுவாங்க, ஒரு நிமிஷம். இந்தா, அப்பா பேசறார்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். வாங்கிக்கோ.