எல்லா நாட்டிலும் எல்லாரும் நலம்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் ஆறுமுகச்சாமி அவர்களே! அனுபவத்தால் பழுத்த பெரியோர்களே! அன்பே உருவான தாய்மார்களே...

சிரிக்காதீர்கள் ஐயா! மாலையைக் கழற்றும்போது மூக்குக்கண்ணாடியும் கூடவே போய்விட்டது. ஆண்கள் பக்கம் திரும்பித் தாய்மார்களைக் கும்பிட்டுவிட்டேன்.

"மூக்காண்டி அண்ணாச்சி, கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பேசும் வே!"

மாட்டிவிட்டேன் தம்பி. இப்போது உன் பல்லும் தெரிகிறது.

எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவன் நான். என் மகள் அன்னக்கிளியோ பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். காலரா எந்த நாட்டில் எத்தனை பேரைத் தொட்டது, எத்தனை பேரைக் கொண்டுபோனது? அந்த அரசாங்கம் ஊசி போட்டதா, தண்ணீருக்கு மருந்து போட்டதா, துறைமுகத்தை அடைத்ததா? இத்தனையும் திரட்டி ஒப்பிடப் புறப்பட்டாள். கடையநல்லூர் நண்பர் பாதுஷாவிடம் ஓடினேன். வெளிநாட்டிலிருக்கும் தம் உறவுக்காரர்களுக்கெல்லாம் அவர் எழுதினார்.

வந்தது ஐயா பதில்! குவைத்தில்? நலம்! பஹ்ரைனில்? நலம்! சிங்கப்பூரில்? நலமோ நலம், நல்ல மழை! ஊருக்கு எழுதும் கடுதாசியில் கெட்ட சேதி எழுதுவது நம் வழக்கமா? "எப்பா, இதுல எத எதோட ஒப்பிட?" என்று தலையில் கைவைத்தாள் மகள். நான் கேட்கிறேன்: எல்லா நாட்டிலும் எல்லாரும் நலம் என்றால், செத்தவன் எந்த நாட்டுக்காரன்?

கடல் கடந்தவனைக் குறை சொல்வானேன்? நம் தெருவில் சுகாதார இன்ஸ்பெக்டர் வாந்திபேதி உண்டா என்று வீடு வீடாகக் கேட்டாரே, என்ன சொன்னோம்?

"சொகமா இருக்கோம் சார், மோர் குடிக்கியளா?"

கொல்லையிலே வாந்தி, வாசலிலே மோர்! உண்மையைச் சொன்னால் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வராது, கடை ஓடாது. சரி. சொல்லாவிட்டால் ஊசி வருமா? கிணற்றுக்கு மருந்து வருமா? வருகிற சனமெல்லாம் அதே தண்ணீரைத்தானே குடிக்கும்? இதோ முன்வரிசையில் இருக்கிற இன்ஸ்பெக்டர் நாளைக் காலையில் மேலிடத்துக்கு அனுப்பப்போகும் கணக்கு சைபர். சைபருக்கு எந்த அரசாங்கம் மருந்து அனுப்பும்?

ஆகவே அறிவிக்கிறேன்! என் வீட்டில் ஒன்று. என் மனைவி சங்கரம்மாள். இப்போதுதான் தேறியிருக்கிறாள். அதோ, முறைக்கிறாள்.

"ஏய்யா, இத மைக்குலயா சொல்லுதீரு?"

மைக்கில்தான் சொல்வேன். வீட்டுக்கு வந்து வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.

அடுத்து யார்? ஏன் இந்த மௌனம்? எதற்கு இந்த மானம்? செத்த பிறகு மாலை போடவா?

"எங்க வீட்டுல ரெண்டு, அண்ணாச்சி."

கேட்டீர்களா! இன்ஸ்பெக்டர் ஐயா, பேனாவை எடுங்கள்! அங்கே யாரம்மா கையைத் தூக்குவது?

"எங்க மாமியாருக்கும் அதான்!"

சத்தமாகச் சொல் தாயே! உன் சத்தம்தான் நம் ஊருக்கு ஊசி!

ஏசாமல் கேட்டவர்களுக்கும் ஏசிக்கொண்டே கேட்டவர்களுக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.

மேடையில் இவ்வளவும் பேசினேன். பேசாதது ஒன்று. போன மாதம் நெஞ்சடைப்பு என்று சொல்லி எடுத்தார்களே, அவைத்தலைவர் ஆறுமுகச்சாமியின் தம்பி, அவரைக் கொண்டுபோனதும் இந்த வாந்திபேதிதான். அது தலைவர் வாயால் வர வேண்டிய எண். மைக்கை அவர் நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்கினேன்.