பம்பரத்துக்குக் கைதட்டாத அரங்கம்

மருந்துக்கடையைத் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்து, மாலை முழுவதும் முதுகு சாயாமல் அமர்ந்து இந்தப் பட்டிமன்றத்துக்குத் தலைமை தாங்கும் நம் கூடைப்பந்து ரசிகர் மன்றத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி, மேசையைக் குத்திய குத்தில் தண்ணீர்க் குவளையையே தடுமாற வைத்த புவியியல் ஆசிரியர் அவர்களே! அவரை மறுத்து மறுத்தே தொண்டை கட்டிப்போன ஃபிரிட்ஜ் மெக்கானிக் அண்ணன் அவர்களே! நம் அணி தோற்ற நாள்களிலும் கடைசி விசில் வரை இருக்கையை விட்டு எழுந்திராத பெரியவர்களே! பிள்ளை மடியில் தூங்க, கண் பந்திலேயே இருக்க, ஒரு ஆட்டம் விடாமல் வந்து உட்காரும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்கும் தோழர்களே! அனைவருக்கும் என் அன்பும் வணக்கமும்.

என் முகம் உங்களில் பலருக்குப் புதிது. குரல் பழையது. பகலில் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லும் குரல் இதுதான். மாலையில் நம் உள்ளரங்கத்தில், கூடையில் பந்து விழுந்தவுடன் ஆட்டக்காரரின் எண்ணைக் கூவும் குரலும் இதுதான். நான் எண்ணைச் சொல்வேன். பெயரை நீங்கள் சொல்வீர்கள். நம் அரங்கத்தின் அழகே அதுதான். "நான்காம் எண்!" என்று நான் இழுத்தால்...

ஆகா! "சிங்கம்!" என்கிறீர்கள். கேட்கவே இனிக்கிறது. உட்காருங்கள், உட்காருங்கள். அந்தக் குரலைக் கொஞ்சம் சேமித்து வையுங்கள். பிறகு கேட்பேன்.

இன்றைய தலைப்பு என்ன? "பதினேழாம் எண் பம்பரம், மூன்றாண்டு ஒப்பந்தத்துக்குத் தகுந்தவனா, தகாதவனா?" பந்தை வாங்கி, முன்னே கொண்டுபோய், ஆட்டத்தையே நடத்துகிற கார்டு அவன். எதிராளி இருவர் மறித்து நின்றால், நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, இருவருக்கும் முதுகைக் காட்டிவிட்டு, மூன்றாவது ஆளின் கண் முன்னால் கூடையில் போடுவான். அதனால்தான் பம்பரம். இது அவனுக்கு முதல் பருவம். வந்த வருடமே நம்மை அரையிறுதிக்கு அழைத்துப்போனவன். அவனை வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா என்று எவ்வளவு வாதம்! எவ்வளவு வேகம்! உயரம் போதாது என்றார் ஒருவர். உயரத்தை வைத்து ஒட்டடையா அடிக்கப் போகிறோம் என்றார் மற்றவர். இடது கை ஆட்டம் இல்லை என்றார் ஆசிரியர். இருக்கிறது என்றார் மெக்கானிக். சிரித்தீர்கள், சீறினீர்கள், விசில் அடித்தீர்கள்.

தலைவர் அவர்களே, கூட்டம் தொடங்கும் முன்பே உங்கள் காதருகே வந்து, "முக்கியமான சேதி இருக்கு, மொதல்ல நான் பேசிடுறேன்" என்றேன். "ஒங்க குரலு கடைசியில வந்தாத்தாங்க நெறவா இருக்கும்" என்று என்னைக் கடைசியில் போட்டீர்கள். இதோ, நிறைவு செய்கிறேன்.

அவன் போய்விட்டான்.

ஆம் அம்மா, சரியாகத்தான் கேட்டீர்கள். பம்பரம் போய்விட்டான். இன்று மாலை நிர்வாகத்தின் அலுவலகத்தில் அவன் கையெழுத்துப் போடுவான் என்று நினைத்துத்தானே இங்கே கூடியிருக்கிறோம்? அங்கே பேனாவோடு காத்திருக்கிறார்கள். அவன் வரமாட்டான். மதியம் வண்டி ஏறிவிட்டான். ஏறிய வண்டியை அறிவித்தவன் நான்.

என்ன, பின்வரிசையில்? எந்த அணி தூக்கிக்கொண்டு போனது என்றா கேட்கிறீர்கள்? ஐயா, எந்த அணியும் தூக்கவில்லை. எவனும் வலை வீசவில்லை. விரட்டியது யார் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

போன பருவத்தை நினைத்துப் பாருங்கள். மின்னல் என்று ஒரு கார்டு நமக்கு இருந்தானே! அவன் பந்தைத் தொட்டாலே தலையில் தூக்கிவைத்து ஆடினோம். கத்தினோம், கூவினோம், கூரைத் தகரம் குலுங்கியது. வெளியூர் அணிக்கு ஆள் எடுக்க வந்த தேர்வாளர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். அடுத்த மாதமே மின்னல் பணக்கார அணியின் பனியனைப் போட்டுக்கொண்டு வந்து, நம் அரங்கத்திலேயே நம்மைத் தோற்கடித்தான். அன்று நாம் அழுத அழுகை பொய்யில்லை.

அந்த அழுகையிலிருந்து என்ன கற்றோம்? பம்பரம் வந்து சேர்ந்ததும், இதே மண்டபத்தில், இதே நாற்காலிகளில் உட்கார்ந்து, கையைத் தூக்கி ஒரு முடிவு எடுத்தோம். "இவனுக்கு யாரும் கை தட்டக்கூடாதுங்க. சத்தம் போட்டாத்தான தேர்வாளருங்க நிமிந்து பாப்பாங்க? கமுக்கமா இருந்தா இவன் நம்மகிட்டயே இருப்பான், நிர்வாகத்துக்கும் கட்டுப்படியாகும்." எவ்வளவு சாமர்த்தியம்! எவ்வளவு ராஜதந்திரம்! உலகத்தில் எந்த ரசிகனுக்காவது இப்படி ஒரு யோசனை வந்திருக்குமா? பிடிக்காத ஆட்டக்காரனுக்குக் கைதட்டாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்துப்போனதால் கைதட்டாமல் இருந்த ஒரே கூட்டம் நாம்தான்!

அன்பர்களே, அந்தத் தேர்வாளர்கள் காதால் ஆள் எடுப்பவர்களா? கண்ணால் எடுப்பவர்கள் அல்லவா? நம் மௌனம் அவர்களை ஏமாற்றவில்லை. அது ஒரே ஒருவனைத்தான் ஏமாற்றியது.

நான் எண்ணைக் கூவுவேன். "பதினேழாம் எண்!" பதில் வராது. இருமல் கேட்கும். யாரோ நாற்காலியை நகர்த்துவது கேட்கும். பிறகு ஒலிபெருக்கியில் நானே தனியாக, "பம்பரம்" என்பேன். அரங்கத்தில் பாதிப்பேர் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்குத் தெரியும், மேலிருந்து பார்த்திருக்கிறேன். மெக்கானிக் அண்ணன் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கீழே நின்றவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் கேலரியை ஒரு பார்வை பார்ப்பான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவான். ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்தான்.

அதோடு விட்டோமா? வாட்ஸ்அப் குழுவில் வேறு எழுதினோம்! வெளியூர்க்காரன் படித்து ஏமாறட்டும் என்று, "இவன் தேறமாட்டான்", "இவனுக்கு எதற்குப் பணம்" என்று போட்டோம். ஆசிரியர் அவர்களே, கோபிக்காதீர்கள், உங்களை நான் மதிக்கிறேன். "இடது கை சுத்தமாக வராது" என்று முதலில் எழுதியது நீங்கள். எழுதிவிட்டு எனக்குத் தொலைபேசியில் பேசி, "எப்படி என் பொய்?" என்று சிரித்தீர்கள். இன்று அதே இடது கையை, இதே மேடையில், மேசையைக் குத்திக் குத்தி உண்மையாகவே பேசினீர்களே! எப்போது ஐயா அது உங்களுக்கு உண்மையாயிற்று? நடிக்கத் தொடங்கிய நாம் எந்த நாளில் நம்பத் தொடங்கினோம்?

அந்தப் பொய்யை அவனும் படித்தான். ஆட்டம் முடிந்து நான் ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டும்போது, அவன் மட்டும் கோர்ட்டில் நின்று இடது கையால் எறிந்துகொண்டிருப்பான். இல்லாத குறையைத் திருத்திக்கொண்டிருந்தான். வலது கையைக் கயிற்றால் கட்டிவைத்தது போல உடம்போடு ஒட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும், பந்து கூடையில் விழும் வரை எறிந்தான்.

இப்போது ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய்மார்களே, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அவனுடைய அம்மா ஒரு பெரிய சலவை நிலையத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். பருவத்தில் ஒரே ஒரு முறை விடுப்புக் கிடைத்து, மகன் ஆடுவதைப் பார்க்க வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தார். மகன் வெகுதூரத்திலிருந்து எறிந்து, வளையத்தைத் தொடாமல் பந்து வலைக்குள் இறங்கியது. அம்மா எழுந்து நின்று கைதட்டினார். அத்தனை பெரிய அரங்கத்தில் அந்த இரண்டு கைகளின் சத்தம் மட்டும்தான்.

பக்கத்தில் இருந்த நம் சகோதரி ஒருவர், அவர் யாரென்று தெரியாமல், முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "ஏம்மா, ஒக்காருங்க. இவனுக்கெல்லாம் இங்க யாரும் கை தட்டறதில்ல" என்றார். அந்த அம்மா, "அப்படிங்களா" என்றார். உட்கார்ந்தார். இரண்டு கையையும் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடியும் வரை வெளியே எடுக்கவில்லை.

அந்தச் சகோதரி இங்கேதான் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன். அழாதீர்கள் அக்கா. நீங்கள் நம் எல்லோருடைய தீர்மானத்தைத்தான் நிறைவேற்றினீர்கள்.

இன்று மதியம் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்க்கிறேன். ஆறாவது நடைமேடையில் தெரிந்த ஒரு உருவம். தோளில் பை, காலில் ஆட்ட ஷூ. மைக்கை அணைத்துவிட்டு ஓடினேன்.

"என்ன தம்பி, பையும் கையுமா? சாயங்காலம் கையெழுத்து இருக்கே!"

"போடலண்ணே. ஊருக்குப் போறேன். மாமாகூட டைல்ஸ் ஒட்டுற வேலைக்கு."

"ஏன்யா, பைத்தியமா ஒனக்கு? மூணு வருஷ ஒப்பந்தம்யா!"

"மூணு வருஷமும் இப்படியேவாண்ணே?"

அவனே பேசினான். "மோசமா ஆடுனா திட்டட்டும்ணே, திருத்திக்குவேன். நல்லா ஆடும்போதும் யாரும் ஒன்னும் சொல்லலன்னா, நான் எதைன்னு திருத்துறது? அம்மா அன்னிக்கு வந்துட்டுப் போனதுல இருந்து, 'வேண்டாதவங்க நடுவுல எதுக்குப்பா கெடக்குற, வந்துடு'ன்னு ஒரே பேச்சு."

சொல்லிவிட்டேன் அன்பர்களே. தீர்மானத்தை, தேர்வாளர்களை, கைக்குட்டையை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஒன்ன இழந்துடக் கூடாதுன்னுதான்யா சும்மா இருந்தோம்! ஒன் மேல உசிரையே வெச்சிருக்காங்கய்யா!" என்றேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"இத எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேண்ணே."

ஏன் சொல்லவில்லை? சொல்லுங்கள் தலைவர் அவர்களே, ஏன் சொல்லவில்லை? அவனிடம் சொன்னால் அவனே கூடுதலாகப் பணம் கேட்பான் என்று பயந்தோம் அல்லவா? அதை அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வேன்? நடைமேடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே, திரும்பி வாய்யா" என்று கெஞ்சினேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா கைய ஒளிச்சு வெச்சுக்கிட்டத நான் கோர்ட்டுல இருந்து பாத்தேன்ணே" என்றான். பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன்.

வண்டி புறப்படும் நேரம் வந்தது. அறிவிக்க வேண்டியவன் நான்தான். கண்ணாடி அறைக்கு ஏறிப்போய், "ஆறாவது நடைமேடையில் நிற்கும் வண்டி புறப்படுகிறது" என்று என் வாயாலேயே சொன்னேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, குனிந்து, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்களா? ஆள் அனுப்பலாமா, கடிதம் எழுதலாமா, கூட்டமாகப் போய் வாசலில் நிற்கலாமா? போங்கள். நானும் வருகிறேன். ஆனால் அவன் திரும்பி வருவான் என்று இந்த மேடையில் நின்று பொய் சொல்ல மாட்டேன். அவனைப் பற்றி நாம் சொன்ன பொய்களே போதும். இனி அவனுக்குத் திறமை இருக்கிறதா என்ற விவாதம் எதற்கு? இருந்தது. நமக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே தெரிந்திருந்தது!

தலைவர் அவர்களே, ஒரே ஒரு நிமிடம் அனுமதி கொடுங்கள். சேமித்து வைக்கச் சொன்னேனே, அதைக் கேட்கப் போகிறேன். அரங்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து இப்போதுதான் வலையில் இறங்கியது. எல்லோரும் எழுந்திருங்கள். தாய்மார்களே, பெரியவர்களே, ஐந்தாவது வரிசை அக்கா, நீங்களும்.

"பதினேழாம் எண்!"

கேட்டீர்களா? கேட்டீர்களா உங்கள் குரலை? ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கேட்டீர்களா? தூங்கிய பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய குரல், அன்பர்களே, இவ்வளவு பெரிய குரல் பருவம் முழுக்க உங்கள் தொண்டைக்குள் இருந்தது. அவனுக்காகத்தான் இருந்தது. அவன் வண்டி இந்நேரம் நெடுஞ்சாலையில் வெகுதூரம் போயிருக்கும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இந்த மைக்கை எனக்குத் தந்த தலைவருக்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

வேண்டாம்... தயவு செய்து எனக்குக் கைதட்டாதீர்கள்.