ருசி பார்க்கும் தட்டு

ஐசிங் சர்க்கரையை மூன்று தடவை சலிக்க வேண்டும். இரண்டு தடவை போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர்கள் ஒருநாளும் கேக் கடையில் வேலை செய்திருக்க மாட்டார்கள். ஒரு சின்னக் கட்டி தங்கினாலும் உருட்டும்போது உள்ளங்கையில் நெருடும், காய்ந்ததும் உருண்டை வெடிக்கும். நீங்கள் என் ஓரகத்தியைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஐயா, எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அவளிடம்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவான கடை அது. அண்ணன் பெண்டாட்டி அவள், தம்பி பெண்டாட்டி நான். அவள் முன்னறையில் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்று வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். நான் பின்னறையில் குளிர்கால விடுமுறைக்கு வேண்டிய அலங்காரங்களைச் செய்வேன். பனித்துகள், பனிமனிதன், கூரையில் பனி படிந்த வீடு, எல்லாமே சர்க்கரை, எல்லாமே தின்னலாம். ஆனால் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவை இல்லை. சிவப்புப் பழக்கொத்துதான்.

பின்வாசலை ஒட்டி ஒரு வேலிச்செடி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கரும்பச்சை இலை, குளிர் வந்தால் கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பழம். பறவைகள் தின்னும். மனிதர்கள் தின்னக் கூடாது என்று நகராட்சி ஒரு பலகை நட்டிருக்கிறது. அந்தப் பழத்தைப் பார்த்துத்தான் செய்யக் கற்றுக்கொண்டேன். கடலை அளவு சர்க்கரை மாவைக் கிள்ளி உருட்டி, உச்சியில் பல்குச்சியால் ஒரு குத்து. பஞ்சின் மேல் ஒரு நாள் காய வைக்க வேண்டும். பிறகு சிவப்பு இரண்டு பூச்சு, முதல் பூச்சில் கொஞ்சம் பழுப்பு கலக்க வேண்டும், இல்லாவிட்டால் பொம்மைச் சிவப்பாகிவிடும். கடைசியில் மினுக்குப் பாகு. மூன்றாவது வருஷம் என் பழத்தையும் செடிப் பழத்தையும் ஒரே தட்டில் வைத்து என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கு உப்புக்கும் சர்க்கரைக்குமே வித்தியாசம் தெரியாது, அது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரு வழக்கம். தினமும் காலையில் நான் செய்ததில் ஏழெட்டைச் சின்னத் தட்டில் வைத்து அவளுக்குக் கொண்டுபோக வேண்டும். ருசி பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மற்றவை கேக்கில் ஏறும். தட்டைப் பார்க்கக்கூட மாட்டாள். டெலிபோன் ஒரு தோளில், ஒரு கை பெட்டிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு கை தட்டுக்குப் போகும். மென்றுவிட்டு ஏதாவது சொல்வாள். "நேத்து மாதிரி இல்ல." "உனக்குச் சொன்னா ஏறவே ஏறாதா?" பதினோரு வருஷம், ஐயா. ஒரு நாள் தவறிப்போய்க்கூட நன்றாக இருக்கிறது என்று அந்த வாயிலிருந்து வந்ததில்லை. வாடிக்கையாளர்களிடம் மட்டும் வாய் நிறையச் சொல்வாள். "ஒவ்வொரு பழமும் என் கையால உருட்டினது." ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "குடும்பத்துக்குள்ள யார் பேர் வந்தா என்ன? விடு," என்றார். விட்டேன். நான் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று அந்த வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம் அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "ஒரே திகட்டல். இதைத் தின்னா நாக்குல சர்க்கரை மூட்டையை இறக்கின மாதிரி இருக்கு," என்றாள். சரி, திகட்டாமல் செய்வோம் என்று ஆரஞ்சுத் தோலின் உள்பக்கத்து வெள்ளையைக் காய்ச்சி அந்தக் கசப்புச் சாற்றில் ஒரு சொட்டு மாவில் விட்டேன். அவளைத் திருப்திப்படுத்தத்தான். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வாரமே அவள் முன்னறையில் சொல்லிக்கொண்டிருந்தது பின்னறைக்குக் கேட்டது. "லேசாக் கசப்பு சேர்க்கச் சொன்னதே நான்தான்."

எப்போது எண்ணம் மாறியது என்று கேட்கிறீர்கள். நாள் சொல்ல முடியாது என்று முதலில் நினைத்தேன். முடியும். அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு கேக்குக்குப் போகும் பழத்தில் ஒரே சொட்டு. அவள் தட்டுக்குத் தனி மாவு. அதில் இரண்டு சொட்டு, ஒரு மாதம் கழித்து மூன்று. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், நாக்கு எம்மாத்திரம். குளிர்காலம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை, அவள் தட்டை மட்டும் தினமும் கொண்டுபோனேன். மறு குளிர்காலம் அரைக் கரண்டி. நான் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டேன். அவள் ரிப்பன் கட்டிக்கொண்டே மூன்று தின்றாள், "இன்னும் வரல," என்றாள். ஒருநாள் செடிப் பழம் ஒன்றைப் பறித்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து வாயைக் கொப்பளித்தேன். கசப்பு கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்திருந்தது. அது வெறும் ஆர்வம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் நகர மண்டபத்தில் வைக்கிற பெரிய கேக்கைச் செய்கிற வேலை எங்களுக்கு வந்தது. ஊரே வந்து பார்க்கும். பக்கத்தில் செய்தவர் பெயர் போட்ட அட்டை நிற்கும். நாற்பது பழக்கொத்து, பனியில் புதைந்த ஒரு தெரு, பதினேழு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஜன்னல். ஐந்து வாரம் உட்கார்ந்து செய்தேன். என் முதுகு இன்னும் நேராகவில்லை. முடித்த அன்று அவளிடம் போய் நின்றேன். பதினோரு வருஷத்தில் நான் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"அக்கா, அட்டையில என் பேரையும் போடலாமா? உங்க பேருக்குக் கீழதான்."

அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "உன் பேரா? உன்னை யாருக்குடி தெரியும்? போ, போய் அடுப்பைப் பாரு," என்றாள். அவள் வீட்டுக்காரர், பெரியவரும் அங்கேதான் இருந்தார், என் வீட்டுக்காரரும் இருந்தார். அவரும் சிரித்தார். அண்ணன் சிரித்தால் தம்பியும் சிரிக்க வேண்டும் அல்லவா.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலிச்செடியில் பழம் பறித்தேன். நன்றாகக் கழுவினேன். சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. துணியால் ஒற்றி, சர்க்கரைப் பாகில் ஒரு முக்கு, உலர்ந்ததும் இன்னொரு முக்கு, மேலே மினுக்கு. பதினாறு பழம், இரண்டு தட்டுக்கு. என் பழங்கள் ஒன்றைக்கூட அதில் கலக்கவில்லை. ஒன்பது மணிக்கு முதல் தட்டைக் கொண்டுபோனேன். டெலிபோன் தோளில் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். டெலிபோனைக் கீழே வைத்தாள்.

"இந்தா, இங்க வா," என்றாள். "இன்னிக்குத்தான்டி உனக்குக் கை வந்திருக்கு. இத்தனை நாளா நான் கேட்டுட்டிருந்தது இதைத்தான்."

இரண்டாவதை எடுத்தாள். "சர்க்கரையும் கசப்பும் எப்படிச் சேர்ந்திருக்கு பாரு. உள்ள நிஜப் பழம் மாதிரியே சாறு வேற. எப்படிச் செஞ்சே?" என்றாள். பிறகு அவளாகவே மண்டபத்துக்கு டெலிபோன் செய்தாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே. "எங்க இளையவ பேரையும் அட்டையில போட்டுடுங்க. ஆமா, சமமா. ரெண்டும் ஒரே வரியில." வாயில் பழத்தோடுதான் பேசினாள்.

டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், என்னிடமும் சொன்னார். நாலைந்தோடு நின்றிருந்தால் வயிற்றைப் புரட்டி எடுத்திருக்கும், பிழைத்திருப்பாள். ஆகவே நீங்கள் கேட்பது நியாயம்தான். கேட்டது கிடைத்துவிட்டதே, பேர் அட்டையில் ஏறிவிட்டதே, அப்போதே தட்டை எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எடுத்திருக்கலாம். கை எட்டும் தூரம்தான். என் வக்கீல் நான் ஆத்திரத்தில் நிதானம் இழந்துவிட்டதாகச் சொல்லப்போகிறார். அது பொய், அப்படி எழுதாதீர்கள். அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் கோபமே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தக் கடையில் ஒருநாளும் நின்றதில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தின்றாள், ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒன்று சொன்னாள். "உனக்கு இணை இந்த ஊர்ல இல்லடி," என்றது ஐந்தாவதுக்கு. எட்டும் தீர்ந்ததும், "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். உள்ளே போய் இரண்டாவது தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அதில் மூன்று தின்றாள். பத்தரை மணிக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிட்டது பெரியவர், நான் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறைக்க எதுவும் இல்லை, ஐயா. என் ஓரகத்தியை நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன். காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு எழுதுங்கள். இறந்தவர் சாப்பிட்டது வேலிச்செடியில் விளைந்த பழம் என்று போட்டிருக்கிறீர்கள். அவள் ருசி பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே பழம் அது, அதைச் செடி செய்தது என்று எப்படி எழுதுவீர்கள், அது நான் செய்தது.